சிறுநீரகம், கல்லீரல் சிகிச்சைக்கு ஒரு பொது மருத்துவமனை: அகமதாபாத் நிலையத்தின் பணி என்ன?

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு வாரத்தில் 2 அல்லது 3 முறை டயாலிசிஸ் தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் ஆகும். மருத்துவமனை தொலைவில் இருந்தால் பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். ஏழைக் குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் கைவிட இதுவும் ஒரு காரணம். இந்நிலையை மாற்ற முயன்ற பொதுத்துறை மருத்துவ நிலையங்களில் குறிப்பிடத்தக்கது, குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் உள்ள சிறுநீரக நோய்கள் மற்றும் ஆராய்ச்சி நிலையம்.

தொடக்கம்

இந்நிலையத்தை உருவாக்கியவர் சிறுநீரகவியல் மருத்துவர் எச்.எல். திரிவேதி. 1932-இல் பிறந்த அவர், அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சியும் பணியும் பெற்ற பின், 1977-இல் தாயகம் திரும்பினார். அகமதாபாத் அரசு சிவில் மருத்துவமனையில் பணியைத் தொடங்கி, படிப்படியாகத் தனி நிலையமாக வளர்த்தெடுத்தார். 2015-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2019 அக்டோபர் 2-இல் அவர் காலமானார்.

இரு உறுப்புகள், ஒரே வளாகம்

சிவில் மருத்துவமனை அமைந்துள்ள அசார்வா வளாகத்திலேயே இந்நிலையம் இயங்குகிறது. இங்கு சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைகள் இரண்டும் மேற்கொள்ளப்படுகின்றன. கல்லீரல் நோய் முற்றும்போது சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும் என்பதால், இரு துறை மருத்துவர்களும் ஒரே இடத்தில் இருப்பது நோயாளிக்குப் பயன் தருகிறது. சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் மூலம் பல ஆண்டுகள் வாழ இயலும். கல்லீரலுக்கு அத்தகைய நீண்டகால மாற்று இயந்திரம் இல்லை. எனவே கல்லீரல் முற்றிலும் செயலிழந்தவருக்கு உறுப்பு மாற்றே வழி.

இந்நிலையத்தின் புதிய கட்டடத்தை 2022 அக்டோபர் 11-இல் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். 'ஒரே மாநிலம், ஒரே டயாலிசிஸ்' திட்டமும் அன்றே தொடங்கப்பட்டது. நோயாளிகள் தங்கள் ஊருக்கு அருகிலேயே டயாலிசிஸ் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

தென் மாநிலங்களில்

தென் மாநிலங்களில் பொது மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சைகள் விரிவடைந்து வருகின்றன. கேரளத்தில் 2022 பிப்ரவரியில் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. 2023 நவம்பரில் எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. நாட்டில் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒன்றில் இது நிகழ்ந்தது அதுவே முதல் முறை. தமிழ்நாட்டில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை கல்லீரல் மாற்று சிகிச்சை அளித்து வருகிறது.

உறுப்பு தானம்

1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூளைச்சாவை 4 மருத்துவர்கள் கொண்ட குழு உறுதி செய்ய வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதனை நடைபெறும். பின்னரே குடும்பத்தினரின் ஒப்புதலுடன் உறுப்புகள் பெறப்படும். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

மருத்துவமனையும் வல்லுநர்களும் இருந்தாலும், தானமாகக் கிடைக்கும் உறுப்புகளின் எண்ணிக்கையே எத்தனை பேர் காக்கப்படுவர் என்பதைத் தீர்மானிக்கிறது.