விண்டி பே வனமும் ஒரு தொலைக்காட்சித் தொடரும்

தொலைக்காட்சி என்பது வீட்டுக்குள் வந்துவிட்ட நாடகக் கொட்டகையே என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த காலத்தில், விஞ்ஞானத்தைச் சாமானிய ஜனங்களுக்கு எடுத்துரைப்பதும் ஒரு தேசிய ஸ்தாபனத்தின் கடமை என்று கருதி, கனடா ஒலிபரப்பு ஸ்தாபனம் 1960ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி ஒரு தொடரைத் தொடங்கிற்று. ரோமானியக் கவி லுக்ரீஷியஸின் காவியத்தைத் தழுவி அதற்கு ‘தி நேச்சர் ஆஃப் திங்ஸ்’ என்று பெயரிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது நடந்து வருகிறது.

ஆரம்பத்தில் அதை நடத்தியவர்கள் டொரொண்டோ சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியர்களான டொனால்ட் ஐவியும் பாட்டர்சன் ஹ்யூமும். அவர்களுடைய போதனா சாமர்த்தியம் எத்தகையது என்பதை, அதே ஆண்டில் மாணவர்களுக்காக அவர்கள் நடித்த ‘ஃப்ரேம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்’ என்ற படத்தில் இன்றும் பிரத்தியட்சமாகக் காணலாம். படத்தின் தொடக்கத்தில் ஒருவர் திரையில் தலைகீழாகத் தோன்றுகிறார். தலைகீழாக நிற்பது நீரா, நானா என்று இருவருக்கும் விவாதம் மூளுகிறது. கடைசியில் ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டு வழக்கைத் தீர்த்துக்கொள்கிறார்கள். பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தே காட்சி அமைகிறது என்ற தத்துவத்தை, அரை நிமிஷத்தில், எவருக்கும் விளங்கும்படி சொல்லிவிட்ட அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

அறுபதுகளின் இடையில் தொடர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி, டார்வின் நடந்த கலாபகஸ் தீவுகள் வரை சென்றது. ஆனாலும் அதற்கு ஒரு புது ஜீவன் உண்டானது 1979இல் டேவிட் சுசுகி அதன் பொறுப்பை ஏற்ற பிறகுதான்.

1936இல் வான்கூவரில் பிறந்த சுசுகி ஜப்பானிய வம்சத்தவர். பெற்றோர் இருவருமே கனடாவில் பிறந்த பிரஜைகள். அப்படியிருந்தும், யுத்த காலத்தில், 1942இல், சலவைத் தொழில் நடத்திவந்த அந்தக் குடும்பத்தை அரசாங்கம் வீடு வாசலைப் பறித்து ஸ்லோகன் பள்ளத்தாக்கிலிருந்த முகாமுக்கு அனுப்பிற்று. பையன் வளர்ந்து பரம்பரையியல் விஞ்ஞானியானான். 29 பாகை வெப்பத்தில் வாதம் கண்டாற்போல அசைவற்று விழுந்து, 22 பாகைக்குக் குளிர்ந்ததும் எழுந்து பறக்கும் விசித்திரமான பழ ஈக்களைத் தம் சகாக்களோடு கண்டுபிடித்து உலக விஞ்ஞானிகளிடையே கீர்த்தி பெற்ற அவர், தாம் நேசித்த அதே சாஸ்திரத்தின் முன்னோர் சிலர் இனங்களின் உயர்வு தாழ்வைப் பற்றிக் கூறிய அவசரச் சித்தாந்தங்கள், தம் குடும்பத்தை முகாமுக்குத் துரத்திய துவேஷத்துக்கு உரமிட்டன என்பதை உணர்ந்தபோது, விஞ்ஞானம் ஜனங்களின் விசாரணைக்கு அப்பாற்பட்டு இருத்தலாகாது என்ற முடிவுக்கு வந்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து அவரைக் கேமராவின் முன் கொண்டுவந்தது இந்த மனவேதனையே என்பது என் அபிப்பிராயம்.

தொடரின் சரித்திரத்தில் தலையாயது 1982இல் வெளிவந்த ‘விண்டி பே’ என்ற பகுதி. பசிபிக் கடலோரத்தில், அந்நாளில் குவீன் ஷார்லட் தீவுகள் என்று வழங்கிய ஹைடா க்வாயில், லயல் தீவின் ஓரத்தில் உள்ள ஒரு குடா விண்டி பே. பல நூற்றாண்டு வயதுள்ள ஸ்ப்ரூஸ் மரங்களும், அத்தீவுகளின் பூர்வகுடிகளான ஹைடா மக்கள் படகுக்கும் வீட்டுக்கும் குலக்கம்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த தேவதாருக்களும் அடர்ந்த அந்த வனத்தை வெட்டுவதா, விடுவதா என்பதே வழக்கு. மரம் வெட்டும் வேலையால் உங்கள் ஜனங்களுக்கும் ஜீவனம் கிடைக்குமே, ஏன் எதிர்க்கிறீர்கள் என்று சுசுகி, குஜாவ் என்ற இளம் ஹைடா சிற்பியைக் கேட்டார். மரங்கள் போய்விட்டால் நாங்களும் மற்ற எல்லாரையும் போல ஆகிவிடுவோம் என்று அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலின் ஆழம் அந்த நிமிஷத்தில் தமக்கு எட்டவில்லை என்றும், பின்னர் எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தபோதே அது தம்மைத் தாக்கிற்று என்றும் சுசுகி பலமுறை கூறியிருக்கிறார். வனத்தை மனிதனுக்கு வெளியே இருக்கும் ஒரு பொருளாக எண்ணிக் கேட்கப்பட்ட கேள்விக்கு, வனமே தன் தேகம் என்று எண்ணிய ஒருவர் தந்த விடை அது. பார்ப்பவன் நிற்கும் இடம் அங்கே அடியோடு மாறிவிட்டது.

ஆயினும் வனம் பிழைத்ததற்குத் தொலைக்காட்சியே காரணம் என்று எழுதினால் அது அநியாயமாகும். 1985இன் இறுதியில் லயல் தீவின் சாலையில் குறுக்கே நின்று மர லாரிகளைத் தடுத்தவர்கள் ஹைடா மக்கள். முதியோர் உட்பட அவர்களில் 72 பேர் கைதானார்கள். தேசம் முழுவதும் அனுதாபம் பெருகி, 1987இல் மத்திய, மாகாண சர்க்கார்கள் வெட்டுவதை நிறுத்த உடன்பட்டன. 1993இல் செய்த ஒப்பந்தத்தின்படி ஹைடா மக்களும் கனடா சர்க்காரும் சேர்ந்தே அந்த வனத்தைப் பரிபாலிக்கிறார்கள். அந்த அனுதாபத்துக்கு முன்கூட்டியே நிலத்தை உழுதுவைத்த பெருமை மட்டும் தொடருக்கு உரியது.

பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு ஸ்தாபனம் இப்படி ஒரு பக்கம் சாயலாமா என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. உண்மைகளை மறைக்காமல், எதிர்த்தரப்பையும் கேட்டபின் ஒரு முடிவைச் சொல்வது பட்சபாதமாகாது. சேதம் கண்முன் நடக்கையில் இரு தட்டையும் சமமாகப் பிடித்திருப்பதுதான் பெரிய பிழை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாற்பத்துநான்கு ஆண்டுகள் நடத்திய பின் 2023இல் சுசுகி ஓய்வு பெற்றார். அவருடைய புதல்வி சாரிகா கல்லிஸ்-சுசுகியும் ஆந்தனி மார்கனும் பொறுப்பை ஏற்றார்கள். இத்தொடரில் ஒன்றே ஒன்றைக் காண அவகாசமுள்ள வாசகர்கள், கிடைக்குமானால் ‘விண்டி பே’யைத் தேடிப் பாருங்கள்; அந்தச் சிற்பி பேசும் இடத்தில் சற்று நிறுத்தி, மறுமுறையும் கேளுங்கள்.