1939 ஜூலை 8: மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த ஆறு பேர்

வில்லாபுரத்தில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் மீனாட்சி கோயில். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறோம், யார் எவர் என்று கேட்பவர் கிடையாது. 87 வருடத்துக்கு முன்பு நம்மில் பாதிப் பேர் கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்போம்.

தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். நாடார்களுக்கும் தடை இருந்தது. கமுதி கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. 1934இல் மதுரை வந்த காந்தியும் இந்தத் தடையால் மீனாட்சி கோயிலுக்குள் போகவில்லை.

1939 ஜூலை 8, சனிக்கிழமை காலை. வக்கீல் அ. வைத்தியநாத ஐயர், ஹரிஜன சேவா சங்கத்தின் எல்.என். கோபாலசாமி ஆகியோர் ஆறு பேரைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். ஐந்து பேர் தாழ்த்தப்பட்டவர்கள், ஒருவர் நாடார். மேலூர் தும்பைப்பட்டிக்காரரான கக்கனும் அதில் ஒருவர். பிற்காலத்தில் மாநில உள்துறை அமைச்சரானாரே, அவரேதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொருவர் செய்தது. கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களைத் தடுக்காமல் வரவேற்றார். அன்றைய சட்டப்படி அவர் மேல் வழக்குப் போட்டிருக்கலாம். பேங்கில் டெபாசிட் ரசீது தொலைந்துபோனால் இன்டெம்னிட்டி பாண்ட் வாங்காமல் நாங்கள் பணம் தரமாட்டோம். பாதுகாப்பு முதலில், காரியம் பிறகு. இங்கே தலைகீழ். காரியம் முதலில் நடந்தது. ராஜாஜி அரசு சில நாளிலேயே அவசரச் சட்டம் கொண்டுவந்து, பின்பு அதை முறையான சட்டமாக்கியது. ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் இன்டெம்னிட்டி சட்டம் என்றே பெயர். கையெழுத்துப் போட்டே 34 வருடம் ஓட்டிய எனக்கு அந்த மனிதரின் துணிச்சல் புரிகிறது. எனக்கு அது வந்திருக்காது.

எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள், வழக்குகளும் நடந்தன. எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா கோபத்தில் ஒரு வருடம் கோயில் பக்கமே போகவில்லையாம். பாட்டி அவருக்குத் தெரியாமல் வெள்ளிக்கிழமை தோறும் போய் வந்தாள். குங்குமத்தை மட்டும் வாசலிலேயே அழித்துவிட்டு வீட்டுக்குள் வருவாள் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அவள் தாத்தாவோடு சண்டை போட்டதில்லை.

1946 பிப்ரவரியில் காந்தி மறுபடி மதுரை வந்தார். அந்தத் தடவை கோயிலுக்குள் போய்க் கும்பிட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் பி பிளாக் லிஃப்டில் ‘வேலையாட்கள் படியில் செல்லவும்’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நாலாவது மாடியில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. யார் ஒட்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. தாளை எடுக்க வேண்டும் என்று வரும் பொதுக்குழுவுக்குத் தீர்மானம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய ஒரு கையெழுத்து வேண்டும்.