ஒழுக்கம் ஒழுகிய வழி

ஒருவரை ‘ஒழுக்கமானவர்’ என்றால் இன்று நமக்கு என்ன தோன்றுகிறது? குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், பிறன்மனை நோக்க மாட்டார் என்று ‘மாட்டார்’களின் வரிசைதான். பெண்களைப் பற்றிய பேச்சில் இந்தச் சொல் இன்னும் சுருங்கி, அவர்களை வேவு பார்க்கும் கண்ணாகவே ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்பார்கள், இலங்கையில் ‘ஒழுக்காற்று நடவடிக்கை’ என்பார்கள். இரண்டுக்கும் பொருள் தண்டனைதான். இப்படி இறுகிப்போன சொல்லின் வேர் நீரில் இருக்கிறது.

‘ஒழுகு’ என்பது வினையடி. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில், தலைவன் தலைவியைக் கூடிய இடத்தில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகைக் காட்டுகிற கபிலர், அது நின்ற ஓடையை ‘ஒழுகுநீர்’ என்கிறார். மலையாளத்தில் ஆற்றின் ஓட்டத்துக்கு இன்றும் ‘ஒழுக்கு’ என்றுதான் பெயர். நம் பேச்சில் கூரை ஒழுகுகிறது, சளி பிடித்தால் மூக்கு ஒழுகுகிறது. கொட்டுவது வேறு, பாய்வது வேறு. ஒழுகுவதில் வேகம் குறைவு, ஆனால் அது விட்டுப்போவதில்லை. சொல்லின் பின்வாழ்க்கை முழுவதையும் இந்தக் குணமே நடத்திச் செல்வதாக எனக்குத் தோன்றுகிறது.

நீரிலிருந்து அந்தச் சொல் வரிசைக்கு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதெல்லாம் ஒழுக்கு. சிறுபாணாற்றுப்படையில் உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டித்தொடர் ‘ஒழுகை’. ‘ஒழுங்கு’ என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். யாழ்ப்பாணத்தில் இரு பக்க வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பாதையை ‘ஒழுங்கை’ என்கிறார்கள்.

இந்த வரிசைப் பொருள் வரும் இடங்களில் என் மனத்தை விட்டு அகலாதது புறநானூற்றின் 173ஆம் பாட்டு. பாடியவன் அரசன்: சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். பாடப்பட்டவன் சிறுகுடி கிழான் பண்ணன். ஒரு பாணன் பேசுவதுபோல் பாட்டு அமைந்திருக்கிறது. பழுத்த மரத்தில் கூடிய பறவைகளின் ஆரவாரம்போல் பண்ணன் வீட்டில் உண்போரின் ஓசை கேட்கிறது. சோற்றுத் திரளைக் கையில் ஏந்திய பிள்ளைகள் சுற்றத்தோடு வேறுவேறாகப் போகிறார்கள். மழை வரப்போவதறிந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகும் எறும்புகளின் சாரையை அது அரசனுக்கு நினைவூட்டுகிறது. அந்தச் சாரைக்கு அவன் தரும் பெயர் ‘ஒழுக்கு’. தன் வாழ்நாளும் பண்ணனுக்கே சேரட்டும் என்று வாழ்த்தி, அவனைப் பசிப்பிணிக்கு மருத்துவன் என்கிறான். ஒருநாள் விருந்து வைத்தவனுக்கு இப்படி ஒரு பெயர் கிடைக்காது. நாள்தோறும் உலை வைத்தவனுக்கே கிடைக்கும்.

நடத்தைக்குப் பெயராக வந்தபோதும் இச்சொல் முதலில் புகழ்ச்சியாக இல்லை. அகப்பொருள் இலக்கணத்தில் களவும் ஒழுக்கம், கற்பும் ஒழுக்கம். தலைவன் பரத்தையை நாடிப் போவதுகூடப் ‘புறத்தொழுக்கம்’தான். வாழ்க்கை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுவே ஒழுக்கம். அதைச் சிறப்புப் பெயராக்கி, உயிரைவிட மேலாகக் காக்கச் சொன்னவர் திருவள்ளுவர். அவரும் ஒழுக்கமுடைமை அதிகாரத்திலேயே ‘நல்லொழுக்கம்’, ‘தீயொழுக்கம்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார். அடைமொழி அப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. அந்த அதிகாரத்தை அவர் முடிப்பதும் உலகத்தாரோடு பொருந்தி வாழும் திறத்தில்தான். அது தெரியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் அறிவிலாதார் என்கிறார்.

திருவரங்கத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு வாழ்வு உண்டு. கோயிலின் நடைமுறைகளையும் வரலாற்றையும் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த ஏட்டுக்குக் ‘கோயிலொழுகு’ என்று பெயர். யார் எந்தக் கைங்கரியத்தைச் செய்வது என்று இராமாநுசர் வகுத்த முறைகளை அது விரிவாகச் சொல்கிறது. தியானம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அவர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் காட்டுவது எண்ணெய் ஒழுக்கை: தைலதாரை. நீர் சொட்டுச் சொட்டாக அறுந்து விழும், எண்ணெய் இழை அறாமல் இறங்கும். விளக்கு, மாலை, தளிகை என்று கோயிலின் அன்றாட வேலைக்கும் உள்ளத்தின் நினைவுக்கும் அந்தப் பெரியவர் வேண்டியது ஒரே தன்மைதான்.

பழக்கங்களுக்கென்றே ஒரு பழந்தமிழ் நூல் இருக்கிறது. பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை. குளிப்பது, உண்பது, உறங்குவது எல்லாவற்றுக்கும் விதி சொல்லும் நூல். அதிலுள்ள சாதி, தீட்டுக் கணக்குகளை நான் ஏற்கவில்லை. ஆனால் தொடக்கப் பாட்டில் நல்ல நடத்தைக்கு அது எட்டு வித்துகளைச் சொல்கிறது: நன்றியறிதல், பொறுமை, இன்சொல், பிறருக்குத் துன்பம் செய்யாமை, கல்வி, ஒப்புரவு, அறிவு, நல்லவர் நட்பு. எட்டில் ஒன்றைத் தவிர எதுவும் ‘மாட்டார்’ வரிசையில் அடங்காது. துன்பம் செய்யாமை மட்டும் விலக்கு, மற்ற ஏழும் செயல். விருந்தினர், முதியோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோருக்கு ஊட்டிய பிறகே உண்பவர்கள் நல்லவர்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. ஒவ்வொரு வேளையும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலை அது. ஒருமுறை உறுதி எடுத்து முடித்துவிட முடியாது.

ஒழுக்கம் என்ற சொல் ‘மாட்டார்’களின் வேலியாக மாறியதில் நாம் இழந்தது திரும்பத் திரும்பச் செய்யும் இந்தத் தொடர்ச்சியைத்தான். ஜனவரி முதல் தேதி நடைப்பயிற்சியோ நாட்குறிப்போ தொடங்குகிறோம். ஒருநாள் தவறினால் ‘ஒழுக்கம் கெட்டுவிட்டது’ என்று குற்றவாளியைப் போல் விட்டுவிடுகிறோம். வேலி ஓரிடத்தில் பிரிந்தாலும் உடைந்த வேலிதான். ஒழுகுவதற்கு அந்தக் கணக்கு இல்லை. நேற்றைக்கு விட்டுப்போன பத்துப் பக்கத்தை இன்று படிக்கலாம். போன வாரம் அம்மாவை அழைக்காமல் விட்டிருந்தால் இன்று அழைக்கலாம். கோபத்தில் சொன்ன சொல்லுக்கு அடுத்த சந்திப்பிலேயே மன்னிப்புக் கேட்கலாம். ‘ஒழுங்காச் சாப்பிடு’ என்று தாய் சொல்லும்போது அதில் அதட்டல் இருக்கலாம், ஆனால் தண்டனை இல்லை. தட்டில் இருப்பதைப் பாதியில் விட்டு எழாதே என்பதுதான் அவள் கேட்பது.