யாருடைய விருப்புரிமை?

நம் ஆட்சித்தமிழில் 'விருப்புரிமை நிதி' என்றொரு சொல் உண்டு. ஆளுநரின் விருப்புரிமை நிதி, மாவட்ட ஆட்சியரின் விருப்புரிமை நிதி என்று செய்தித்தாளில் வாசித்திருப்போம். சொல்லுக்குள் உரிமை இருக்கிறது. ஆனால் அது பெறுபவரின் உரிமையல்ல, கொடுப்பவரின் உரிமை. பிரிட்டனில் வாடகை கட்ட முடியாத குடும்பங்களுக்கு உள்ளாட்சி மன்றங்கள் தரும் 'டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட்' என்னும் தொகையைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று தேடியபோது இந்தச் சொல்தான் எனக்குப் பொருந்தியது. 2001இல் தொடங்கிய சிறிய ஏற்பாடு அது. 2013இல் அது பெண்களின் பிரச்சினையாக மாறியது.

அந்த ஆண்டில்தான் அங்கே உதவித்தொகை உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. உச்சவரம்பு என்றால் நமக்கு நிலம் நினைவுக்கு வரும். மிகுதியாக வைத்திருப்பவரிடம் எடுப்பது. இது இல்லாதவர்கள்மேல் விழுந்த வரம்பு. வேலையில்லாத ஒரு குடும்பம் அரசிடம் பெறும் தொகைகளையெல்லாம் கூட்டுவார்கள். ஆண்டுக்கு 26,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டியதை வாடகை உதவியிலிருந்து வெட்டுவார்கள். 2016இல் வரம்பை லண்டனில் 23,000 ஆகவும் பிற இடங்களில் 20,000 ஆகவும் இறக்கினார்கள். 2023வரை அது அப்படியே நின்றது; வாடகை நிற்கவில்லை.

வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கூலி வேலை செய்தால் தனித்தாய்க்கு விலக்கு உண்டு என்றது தொடக்க விதி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாள் முழுதும் அவள் செய்வது வேலைக் கணக்கில் வராது.

ஆனால் அவளுடைய குழந்தைகளுக்கு வரும் பணம் மட்டும் கணக்கில் வரும். இதைத்தான் என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. பிள்ளை வளர்ப்பதும் உழைப்பே, அதற்கான பணம் தாயின் கையில் சேர வேண்டும் என்று 1924இலேயே நூல் எழுதி வாதாடியவர் எலினார் ராத்போன். (இந்தியப் பெண்களைப் பற்றி அவர் பேசிய தோரணையில் எனக்குச் சண்டை உண்டு. 1929இல் லண்டன் கூட்டத்திலேயே தன்வந்தி ராமராவ் எழுந்து அவரை மறுத்துப் பேசினார்.) 1945இல் குடும்பப் படிச் சட்டம் வந்தபோது, முதல் வரைவு அந்தப் பணத்தைத் தந்தைக்கு உரியதாக வைத்திருந்தது. அப்படியென்றால் என் சட்டத்துக்கு எதிராக நானே வாக்களிப்பேன் என்று நின்றார் ராத்போன். தாய்க்கே என்று திருத்தினார்கள். இரண்டாம் குழந்தை முதல், ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் ஐந்து ஷில்லிங். முதல் தொகை 1946 ஆகஸ்டில் வழங்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

அந்தப் படியின் இன்றைய வடிவமான குழந்தைத் தொகையும் உச்சவரம்புக் கூட்டலில் சேரும். ஒரு கையில் தாய்க்கு உரிமையாகக் கொடுத்ததை, மறு கையால் அவள் வாடகையில் கழித்துக்கொள்கிறார்கள்.

கழித்தபின் அவளுக்குக் காட்டப்படும் வழிதான் விருப்புரிமைத் தொகை. வாடகை உதவி பெறுபவர் மட்டுமே அதைக் கேட்க முடியும் என்பது விதி. அதனால் எல்லாவற்றையும் வெட்டினாலும் வாரம் 50 பென்ஸை மட்டும் விட்டுவைத்தார்கள், மனுப் போடும் தகுதி போய்விடாமல் இருக்க! மனுவில் சாப்பாடு, துணி, தொலைபேசி என்று வாரச் செலவை வரிவரியாக எழுத வேண்டும். கிடைத்தாலும் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். பிறகு மறுபடி மனு. மறுத்தால், மறுபரிசீலனை செய்யும்படி அதே மன்றத்தைத்தான் கேட்க வேண்டும். தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு கிடையாது.

வன்முறையிலிருந்து தப்பிவரும் பெண்களின் நிலை இன்னும் சிக்கல். காப்பகத்தில் இருக்கும்வரை அதன் வாடகை பெரும்பாலும் வரம்புக்குள் வராது. பிள்ளைகளோடு தனி வீட்டுக்குப் போன அன்றே வரம்பு அவளைப் பிடிக்கும். கணவரின் வன்முறைக்குத் தப்பிவந்த இரண்டு தாய்மார் தொடுத்த வழக்கில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்த வரம்பு பெண்களையே அதிகம் பாதிக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டிருந்தது. குழந்தைகளின் நலனை முதன்மையாகக் கருதும் சர்வதேசக் கடமை மீறப்பட்டது என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் கண்டார்கள். ஆயினும் மூன்றுக்கு இரண்டு என்று தாய்மார் தோற்றார்கள். மூவரில் ஒருவர், இதற்கு விடை சொல்ல வேண்டியது அரசியல், சட்டமல்ல என்று மறுபக்கம் போய்விட்டார். அந்த நீதிமன்றத்தில் அன்றிருந்த ஒரே பெண் நீதிபதி பிரெண்டா ஹேல் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 2019இல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தனித்தாய்மார் வழக்கிலும் அவர் மாறுபட்டார், அவர்களும் தோற்றார்கள்.

இரண்டு வழக்கிலும் அரசுத் தரப்பு சுட்டிக்காட்டிய பாதுகாப்புகளில் ஒன்று, இந்த விருப்புரிமைத் தொகை. கிடைக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாத பணம், வெட்டியதற்கு நியாயமாக நீதிமன்றம் ஏறியது.

ஸ்காட்லாந்தில் 2023 முதல், வரம்பால் இழந்ததை இயன்றவரை முழுதாக ஈடுகட்ட உள்ளாட்சி மன்றங்களுக்கு அந்நாட்டு அரசு பணம் தருகிறது. அதுவும் இதே விருப்புரிமைத் தொகை வழியாகத்தான். அங்கும் அவள் மனுப் போட வேண்டும்.