தூம்பா போகும் தெரு

தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மிஷனரிகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போவார்கள். நொபிலி, சவேரியார், சீகன்பால்கு என்று அந்த வரிசை நீளும். ஆனால் ஒரு பங்கில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய மூன்றையும் யார் ஏற்பாடு செய்தார்கள் என்று கேட்டால் வேறொரு வரலாறு தெரியவரும். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதும், தாலியை மந்திரிப்பதும், குழியருகே செபம் சொல்வதும் சாமியாரின் வேலை. நாள் குறிப்பது, ஆள் சொல்லி அனுப்புவது, யார் முன்னே நடப்பது, எந்தத் தெரு வழியாகப் போவது, எந்த மண்ணில் புதைப்பது என்பதெல்லாம் உபதேசியார், கோயில்பிள்ளை, ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரின் கையில் இருந்தன. ரோமாபுரியின் சட்டம் கோயில் வாசற்படி வரைக்கும்தான் உண்மையில் செல்லுபடியானது என்பதே என் வாதம். அதனால்தான் திருச்சபையின் விருப்பத்துக்கு ஞானஸ்நானம் எளிதில் வளைந்தது, கல்யாணம் பாதி வளைந்தது, சாவு கடைசிவரை வளையவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க 1704ஆம் ஆண்டைவிட நல்ல இடமில்லை. பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். எட்டு மாதம் போலத் தங்கி, 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்துவிட்டுக் கிளம்பிப் போனார். 'மலபார் சடங்குகள்' சர்ச்சை என்று பெயர் பெற்ற பூசலின் மையம் இந்த ஆணைதான். பெயரில் மலபார் இருந்தாலும் விவகாரம் முழுவதும் மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களைப் பற்றியது. ஆணையைப் படித்தால் இறையியலைவிட வீட்டு விசேஷங்களே அதிகம் கண்ணில் படும். ஞானஸ்நானத்தில் எச்சிலையும் உப்பையும் ஊதுதலையும் விடக்கூடாது. குழந்தைக்குப் புனிதர் பெயரே வைக்க வேண்டும். சிறுபிள்ளைகளுக்குக் கல்யாணம் கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குருவானவர் அந்த வீட்டுக்கே போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும். இப்படியே போகிறது பட்டியல்.

முதலில் ஞானஸ்நானம். குரு தம் விரலை எச்சிலில் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பது பழைய ரோமச் சடங்கு. எச்சில் பட்டதைத் தீட்டென்று ஒதுக்கும் நாட்டில் இதைச் செய்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்றுதான் சேசு சபையார் அதை விட்டுவிட்டார்கள். ரோம் விடவில்லை, இடையிடையே தவணையும் விலக்கும் கொடுத்தாலும் சடங்கு நடந்தே ஆகவேண்டும் என்றது. அது நடந்தது. காரணம், சடங்கு கோயிலுக்குள்ளே, குருவின் கையால், சில நொடிகளில் முடிந்துவிடுகிற காரியம். பெயரும் அப்படித்தான். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றபோது வந்து ஒட்டிய பர்னாந்து, ரொட்ரிகோ போன்ற பெயர்கள் இன்றும் அந்தக் கரையில் இருக்கின்றன. உள்நாட்டில் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்று புனிதர்கள் தமிழாகி வந்தார்கள். (அத்தனை பிடிவாதமாகக் காத்த எச்சிலை ரோம் தானே கைவிட்டது. 1969இல் வந்த புதிய குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் அது இல்லை. மதுரைக் கிறிஸ்தவர்களின் அருவருப்புக்கு 265 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நியாயம் என்று சொல்லலாம்.)

கல்யாணத்தில் கதை சிக்கலாகிறது. 1563இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் ஒரு விதி வகுத்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று முறை பொது அறிவிப்பு வேண்டும், பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிற்க வேண்டும், அதை ஏட்டில் எழுத வேண்டும். தமிழ்ப் பங்குகளில் அது மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதாக நிலைத்துவிட்டது. ஓலை வாசிக்காமல் மந்திரிப்பு இல்லை. தாலியிலும் தூர்னோன் வென்றார் என்றே சொல்ல வேண்டும். பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது. இன்றைக்கும் கிறிஸ்தவத் தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கிறது. ஆனால் மஞ்சள் கயிறு போகவில்லை, மூன்று முடிச்சும் போகவில்லை. முறைப்பெண் வழக்கமும் போகவில்லை. மாமன் மகளும் அத்தை மகனும் திருச்சபைச் சட்டப்படி விலக்கப்பட்ட உறவு. ஊர்ச் சட்டப்படி உரிமையுள்ள உறவு. இரண்டு சட்டமும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் ஒரு விண்ணப்பம் முளைத்தது. பங்குச் சாமியார் மேற்றிராணியாருக்கு எழுதி விலக்கு வாங்கித் தருவார். அதற்குப் பிறகு ஓலை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தேர்ந்தெடுத்தது குடும்பம், தேதி வைத்தது குடும்பம், சீர் பேசியது குடும்பம். குரு கொடுத்தது அனுமதி. 1872இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வந்தும் இந்தப் பங்கீடு பெரிதாக மாறவில்லை. 'இந்தியக் கிறிஸ்தவர்'களுக்கென்று ஆண் 16, பெண் 13 வயதைக் கடந்திருக்க வேண்டும் என்று விதித்த அதன் ஆறாம் பகுதி, ரோமன் கத்தோலிக்கர்களின் திருமணத்தை விலக்கியே வைத்தது.

சீர்திருத்தச் சபைகள் இதில் தேறினவா என்றால் அதுவும் சந்தேகம்தான். தஞ்சையில் 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் விசேஷங்களில் பூவையும் தமிழ் இசையையும் தடுத்தபோது, கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் அதைக் கொடுமை என்றே எழுதி எதிர்த்தார். சபைக்குள் சாதி ஒழிய வேண்டும் என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டதும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

இனிச் சாவு. தூர்னோனின் ஆணையில் பறையர் வீட்டுக்குள் போகச் சொன்ன பிரிவுதான் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக வெட்டியது. அதுவரை வழக்கம் வேறு. நோயாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே ஓரிடத்தில் கிடத்துவார்கள். குரு அங்கே வந்து எண்ணெய் பூசுவார். வீட்டுக்குள் போன குருவை உயர்சாதி விசுவாசிகள் பிறகு தங்கள் வாசலில் ஏற்றமாட்டார்கள் என்ற பயம். 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் விவகாரத்தை முடித்துவைத்த ஆணை, கட்டளையை உறுதி செய்தது. கூடவே ஒரு வழியையும் ஏற்றுக்கொண்டது: பறையருக்கென்று தனியாக மிஷனரிகள். அதாவது குரு தெருவைக் கடக்கவில்லை. தெருவுக்கு வேறொரு குரு வந்தார். ரோமின் சொல் எழுத்தளவில் நிறைவேறியது, ஊரின் வரைபடம் அப்படியே இருந்தது.

ஏன் சாவுக்கு மட்டும் இந்தப் பிடிவாதம் என்பதற்கு விடை ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஒரு சாவு விழுந்தால் நடப்பதைப் பாருங்கள். கோயில்பிள்ளை துக்க மணி அடிக்கிறார். வெளியூர் உறவுகளுக்கு ஆள் போகிறது. மாமன் மச்சான் வந்து கோடி போட வேண்டும். அவர்கள் வந்து சேரும் நேரம்தான் அடக்கத்தின் நேரம், சாமியாரும் அதற்குத்தான் காத்திருக்கிறார். கோயிலிலிருந்து பிணம் தூக்கும் தூம்பா வருகிறது. குழி வெட்டுகிறவர்கள், மேளக்காரர்கள், தூக்குகிறவர்கள் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஊரில் ஏற்கெனவே ஆள் குறித்தாயிற்று, குறித்தது சாதி. ஞானஸ்நானத்துக்கு ஒரு தொட்டி போதும். சாவுக்குத் தோள் வேண்டும், தெரு வேண்டும், நிலம் வேண்டும். இவை மூன்றும் குருவுக்குச் சொந்தமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஊர்தான் பிடித்துக்கொண்டது என்பது மிஷனரிகளைத் தப்பவிடுகிற பேச்சு. தனிக் குரு, தனிக் கோயில், தனிச் சுவர் எல்லாம் அவர்கள் கட்டியவைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வடக்கன்குளத்தில் 1872இல் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே பிரிவு வைத்துக் கோயிலையே இரட்டைக் கூடமாகக் கட்டியவர்கள் குருக்கள்தான். ஆனால் அதே கோயில் என் வாதத்துக்கும் சாட்சி சொல்கிறது. 1910இல் குருக்கள் நினைத்தார்கள், நடுச்சுவர் இடிந்தது. வேளாளர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு உரிமை இல்லை என்றது. கட்டடத்துக்குள் இருந்த சுவரைக் கட்டவும் இடிக்கவும் குருவால் முடிந்தது. கல்லறையிலும் தெருவிலும் அது நடக்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் நம் காலத்திலும் செய்தியாகிப் போராட்டமானது. எறையூரில் தலித்துகளின் சவ ஊர்வலம் பெரிய தெருவில் போகலாமா, பொதுத் தூம்பா எல்லோருக்கும் உண்டா என்று நெடுங்காலம் புகைந்த பூசல், தனிப் பங்கு கேட்கும் அளவுக்குப் போய், 2008இல் கலவரமாகிப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். அங்கே யாரும் செபத்தைப் பற்றிச் சண்டை போடவில்லை.

இன்னொரு மறுப்பு: சாவுச் சடங்கு எந்த மதத்திலும் மெதுவாகத்தான் மாறும், இதில் தமிழ்ப் பங்குக்கென்று தனிக் காரணம் தேவையில்லை என்பது. அப்படியானால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மெதுவாக இருக்க வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறையைப் பார்த்தால் அப்படி இல்லை. அது ஒரு பங்கின் நிலமல்ல; கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் பொதுவாக ஒரு கல்லறை வாரியம் நடத்துவது. மணி அடிக்கிற கோயில் ஒன்று, குழி தோண்டுகிற ஆட்கள் வாரியத்தின் ஆட்கள், பிணம் வருவது பொதுச் சாலையில் அமரர் ஊர்தியில். அங்கே நடக்கிற தகராறு இடம் போதாமல் வருவது: குடும்பக் கல்லறையை மறுபடி எப்போது திறக்கலாம், எத்தனை ஆண்டு கழியவேண்டும் என்பவை. அடக்கத்தின் செபம் எறையூரிலும் கீழ்ப்பாக்கத்திலும் ஒன்றேதான். நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது, தூக்குகிறவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பதுதான் வேறு.