இலண்டனுக்கு வந்த யோகமும் எம்முடன் வந்த உடலும்

1969ஆம் ஆண்டிலே, இலண்டன் மாநகரின் மாலை வகுப்புகளை நிர்வகித்து வந்த உள்இலண்டன் கல்வி அதிகாரசபை ஒரு முடிவுக்கு வந்தது. யோகத்தைப் பொதுப்பணத்திற் கற்பிக்கலாம். ஆனால் ஆசனமும் மூச்சுப்பயிற்சியும் மட்டுமே கற்பிக்கப்படல் வேண்டும். யோகத்தின் தத்துவம் வகுப்பறைக்குள் வரலாகாது என்பதே அம்முடிவு. அச்சபை 1990இற் கலைக்கப்பட்டுவிட்டது. எனினும் அன்று கீறப்பட்ட எல்லைக்கோடு இந்நகரத்து மண்டபங்கள் பலவற்றில் இன்னமும் அழியவில்லை. எமது பிள்ளைகள் உடற்பயிற்சி நிலையங்களிற் காணும் யோகம் பெரும்பாலும் இந்தப் பாதி யோகமே. மற்றைய பாதி எங்கே போயிற்று என்பதைச் சற்று நோக்க விரும்புகின்றோம்.

யோகம் இந்நகருக்கு முதலில் வந்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. சுவாமி விவேகானந்தர் 1895இலும் 1896இலும் இங்கே சொற்பொழிவாற்றினார். அவருடைய 'ராஜயோகம்' 1896இல் இலண்டனிலேயே நூலாக வெளிவந்தது. அதிலே மனத்தை அடக்கும் வழியே விரிவாகப் பேசப்பட்டது. ஆசனங்களை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கும் வந்து, இந்துக் கல்லூரியில் உரையாற்றிய செய்தியை எமது மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

உடலை முன்னிறுத்திய யோகம் இங்கு வேரூன்றியதற்கு முதற் காரணர் பி. கே. எஸ். ஐயங்கார் ஆவார். பெயரைக் கண்டு அவரைத் தமிழ்நாட்டவர் என எம்மவர் சிலர் எண்ணுவதுண்டு. அவர் கர்நாடகத்துப் பெல்லூரிலே, 1918ஆம் ஆண்டு, விஷக்காய்ச்சல் உலகைக் கலக்கிய காலத்திற் பிறந்தவர். சிறுவயதில் நோயும் வறுமையும் அவரை விடவில்லை. தமக்கையாரின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரிலே யோகம் பயின்று, பின்னர் பூனாவிற் குடியேறினார். 1952இற் பம்பாய்க்கு வந்த வயலின் மேதை யெஹுதி மெனுகின் அவரைச் சந்தித்தார். மெனுகின் அப்போது தூக்கமின்றிக் களைத்திருந்தார். சில நிமிடங்களே தரமுடியும் என்றவரைத் தரையிற் படுக்கவைத்துச் சவாசனத்தில் ஆழ்த்தினார் ஐயங்கார். மெனுகின் ஒரு மணி நேரம் உறங்கிப்போனார். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 1945இல், பெல்சன் வதைமுகாமில் உயிர்தப்பியோர் முன்னிலையில் வயலின் வாசித்தவரும் இதே மெனுகின்தான் என்பதை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

1954இல் மெனுகினின் அழைப்பில் ஐயங்கார் ஐரோப்பாவுக்கு வந்தார், இலண்டனுக்கும் வந்தார். 'லைட் ஒன் யோகா' என்ற அவருடைய நூல் 1966இல் இந்நகரிலேயே வெளியாயிற்று. அதிகாரசபை யோக ஆசிரியர்களைத் தேடியபோது ஐயங்காரின் மாணாக்கர்களே முன்னின்றனர். வகுப்புகளுக்குத் திரண்டோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

ஆசனமும் மூச்சும் யோகத்தின் எட்டு உறுப்புகளில் இரண்டு மட்டுமே. பதஞ்சலியாரின் சூத்திரங்களிலும் அவ்வெட்டு உண்டு. எமது திருமூலரின் திருமந்திரத்திலும் அவை மூன்றாம் தந்திரத்திலே நிரல்படப் பேசப்படுகின்றன. கொல்லாமை, பொய்யாமை முதலான இயமம் முதலில் நிற்கும். ஆசனம் மூன்றாவதாகவே வரும். திருமூலருக்கு உடல் இழிந்ததன்று. இறைவன் குடியிருக்கும் இடமாதலால் அதைப் பேணவேண்டும் என்றவர் அவர். பதஞ்சலியாரைத் தில்லைக் கூத்தைக் கண்டவராகச் சைவ மரபு போற்றும். இவையெல்லாம் எமக்குக் கோயில் மண்டபத்திலே, பிரசங்கத்தோடும் பொங்கலோடும் கிடைத்த செய்திகள். ஆகவே அதிகாரசபை விலக்கிய பாதி எமது வீட்டிலே இருந்தது எனலாம்.

வீட்டிலே என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்கின்றோம். பாயில் உறங்கினோம், சம்மணமிட்டு உண்டோம், பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போட்டோம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளிலே துலா மிதித்தவர் பாதத்தில் கவனம் சிதறினால் கீழே விழவேண்டியதுதான். அதற்கென அவருக்கு எவரும் வகுப்பெடுக்கவில்லை. அவ்வாழ்வு நோயற்ற வாழ்வென்று சொல்ல வரவில்லை. துலா மிதித்தவரின் முழங்காலும் நொந்தது. ஆனால் உடல் எங்கே நிற்கின்றது, மூச்சு எப்படிப் போகின்றது என்ற உணர்வு வேலையோடு கலந்திருந்தது. 1964இற் சமாதியடைந்த யோகர் சுவாமிகளும் இளமையிலே கிளிநொச்சிப் பகுதியில் நீர்ப்பாசன வேலைத்தலத்துக் களஞ்சியப் பொறுப்பாளராக ஊதியத்துக்கு உழைத்தவரே. பகலிற் களஞ்சியக் கணக்கு, இரவிலே தியானம்.

போர் வந்தது. துலாவும் திண்ணையும் போயின. உடல் மட்டும் எம்முடன் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கம் பற்றி 1998இல் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். எம்மவர் உள்ளத்து வலியைத் தலையிடியாகவும் நெஞ்சுநோவாகவும் உடல் உளைவாகவுமே வைத்தியரிடம் கொண்டு செல்வர் என அவர் பதிவு செய்துள்ளார். அவரும் சகாக்களும் மூச்சுப்பயிற்சி, செபம், தியானம் ஆகியவற்றை நோயாளரின் சமயத்துக்கேற்பப் பயன்படுத்தினர். சைவர்க்கு ஓங்காரம், கத்தோலிக்கர்க்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் மந்திரம். தசைகளைத் தளர்த்தும் பயிற்சியைச் சாந்தி ஆசனம் என்றும் அழைத்தனர். சவாசனத்துக்கு அப்படியொரு பெயரும் உண்டு. பெயர்தானே என்று நாமும் எண்ணியிருந்தோம்.

இலண்டனில் இரவெல்லாம் பெற்றோல் நிலையத்தில் நின்று பகலில் உறங்க முயலும் எமது இளைஞர்க்கும், தொடர்மாடியின் நான்காம் தளத்திற் பேரப்பிள்ளைகளுடன் அடைபட்டிருக்கும் மூதாட்டியர்க்கும் 'சோதனையில் ஒன்றுமில்லை' என்ற வைத்தியரின் சொல் பழகிப்போன ஒன்று. சோதனைகளைச் செய்யாது விடுக என்று எவருக்கும் நாம் சொல்லமாட்டோம். மருந்துக்கு யோகம் மாற்றீடன்று. தடுப்புக்காவலிலும் ஷெல்வீச்சிலும் வாடியோரை இருட்டறையில் மல்லாக்கக் கிடத்திக் கண்ணை மூடச் சொல்வது அமைதியைத் தராது அச்சத்தைத் தரக்கூடும் என்பதையும் இன்று இத்துறையினர் உணர்ந்துள்ளனர்; கண்ணைத் திறந்திருக்கவும், விரும்பியபோது எழுந்துவிடவும் இடந்தருவர்.

வட இலண்டன் மண்டபமொன்றில் எமக்குத் தெரிந்த தாயார் ஒருவர் மகளுடன் வகுப்புக்குச் சென்றிருந்தார். எல்லோரும் சவாசனத்தில் நீட்டி நிமிர்ந்து படுக்க, அவர் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆசிரியை காரணம் கேட்டார். "பிள்ளை, சொல்லு அவவுக்கு. இப்பிடிக் கிடந்த சனத்தைத் தாண்டித்தான் நான் நடந்து வந்தனான்" என்றார் தாயார். மகள் அதை எப்படி ஆங்கிலத்திற் சொன்னாளோ, நாம் அறியோம். ஆசிரியை ஒன்றும் பேசாமல் ஒரு கதிரையைக் கொண்டுவந்து யன்னலருகே போட்டார். அதிலே நிமிர்ந்திருந்து, கைகளை மடியில் வைத்து, வெளியே மரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார் தாயார். மறுவாரமும் வந்தார். கதிரையைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டார்.