வேடமும் நகையும்

நகைச்சுவைக்கு நிலைக்களன் நான்கென வகுத்த தொல்காப்பியனார் அவற்றுள் எள்ளலை முதற்கண் வைத்தார். எள்ளப்படும் பொருள் அயலார்க்குரியதாயின் அவையோர் எளிதின் நகுவர். தமக்குரியதாயின் சிலர் நகுவர், சிலர் வெகுள்வர். அப்பொருள் சமயமாயின் இவ்வேறுபாடு தெருவளவும் பரவுதல் உண்டு. 2014ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் 'பி. கே.' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. வேற்றுலகினின்று போந்த ஒருவன் இந்நிலவுலகிற் சமயங்களின் பெயரால் நிகழ்வனவற்றைக் கண்டு மயங்கிப் பலவும் வினவுதல் அதன் கதை. அதன்கண் நாடகத்தின்பொருட்டுச் சிவபெருமானைப்போல் வேடம் புனைந்தான் ஒருவனை, மெய்யாகவே இறைவனென்று எண்ணி அவ்வேற்றுலகத்தான் பின்தொடர, அவன் அஞ்சியோடி நாற்காலிகளின் கீழே நுழைகின்றான். அரங்கு நிறைந்த மக்கள் அது கண்டு நகைத்தனர். அகமதாபாத், போபால் முதலிய நகரங்களில் வெகுண்ட சிலர் படமாளிகைகளைத் தாக்கினர். உத்தரப்பிரதேச அரசு அப்படத்திற்குக் கேளிக்கைவரியை நீக்கிற்று. தடைவேண்டித் தொடுத்த வழக்கினை 2015 சனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளிற்று. ஒரு படத்திற்கு இத்தனை முகம்!

மேனாட்டாரும் இதற்கு விலக்கல்லர். இயேசுநாதர் காலத்துப் பாலத்தீனத்தைக் களனாகக் கொண்டு 1979இல் ஆங்கிலக் கூத்தர் குழுவொன்று ஆக்கிய நகைப்படத்தை நார்வே நாட்டார் முதலிலே தடுத்தனர். அயர்லாந்தில் 1987 வரை தடை நீடித்தது. அண்டை நாடாகிய சுவீடனிலோ, நார்வேயிலே தடுக்கப்படும் அளவிற்கு நகைப்புடையது இப்படம் என்று விளம்பரம் செய்து காட்டினர். தடையே பறையாயிற்று.

திரைப்படம் புதிது, வழக்குப் பழைது. சைவ வேடம் பூண்டாரை அரங்கேற்றி நகையாடிய நூலொன்று ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்துத் தோன்றிற்று. அதனை ஆக்கினான் புறச்சமயத்தான் அல்லன். சிவனுக்குக் குடைவரைகள் பல அகழ்வித்த முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனே. மத்தவிலாசப் பிரகசனம் என்பது அந்நூலின் பெயர். மத்தவிலாசன் என்பது அவன்றன் விருதுப் பெயர்களுள் ஒன்று. மாமண்டூர்க் கல்வெட்டு அந்நூலைக் குறிக்கின்றது. ஏடுகளில் மறைந்து கிடந்ததனை 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாத்திரியார் அச்சேற்றினார்.

கதை நிகழிடம் காஞ்சிமாநகரம். சத்தியசோமன் என்னும் கபாலி, தேவசோமை என்னும் தன் துணைவியோடு கள்ளுண்டு தள்ளாடி வருகின்றான். கள்விற்கும் கடையை வேள்விச்சாலையோடு ஒப்பிட்டு விரித்துரைக்கின்றான். ஆங்கு ஐயம் பெறக் கை நீட்டும்போழ்தே தன் கபாலத்தைக் காணாமை உணர்கின்றான். கபாலம் இழந்தான் கபாலியாதல் யாங்ஙனம்? அதன்கண் சுட்ட ஊன் இருந்தமையால் நாயேனும் பௌத்த பிக்குவேனும் கவர்ந்திருத்தல் வேண்டும் என்று தேடப் புகுகின்றான். அவ்வழி வருகின்றான் நாகசேனன் என்னும் பிக்கு. வணிகன் ஒருவன் மனையில் மீனும் ஊனும் விரவிய விருந்துண்டு வரும் அவன், இத்துணை இன்பங்களை இசைவித்த புத்தர்பிரான் கள்ளையும் மகளிரையும் மட்டும் விலக்கியிருப்பாரோ, முதியோர் பொறாமையால் மூலநூலிலே அப்பகுதியை மறைத்தனர்போலும் என்று எண்ணமிடுகின்றான். ஆடையுள் மறைத்த அவன்றன் திருவோட்டினைக் கபாலி தன்னதென்று பற்றுகின்றான். தேவசோமை பிக்குவின் மயிரைப் பற்றியிழுக்கப் பாய்ந்து, மழித்த தலையாகலின் பிடிப்பின்றி வீழ்கின்றாள். அருளுடையனாய் அவளைக் கைகொடுத்து எழுப்பிய பிக்குவை, தன் மனையாளைக் கைப்பற்றி மணந்தான் என்று கபாலி கூவுகின்றான். நடுவுரைக்கப் பாசுபதன் ஒருவன் வருகின்றான். அறங்கூறவையம் செல்வோம் எனின், விகாரங்களின் செல்வமெல்லாம் உடைய பிக்கு அவையோர் வாயைப் பொருளால் நிறைத்துவிடுவான், நீறும் பாம்புரியுமே உடைய ஏழைக் கபாலி என்செய்வான் என்கின்றாள் அவள். ஈற்றில் பித்தன் ஒருவன் நாயிடமிருந்து பறித்த கபாலத்தோடு வருகின்றான். பூசல் நீங்கி யாவரும் இணங்குகின்றனர்.

பிக்குவைக் கண்டு சைவர் நகைத்தல் எளிது. புத்தர் வேதாந்தத்தினின்றும் பாரதத்தினின்றும் களவாடித் தம் கருவூலத்தை நிறைத்தார் என்று கபாலி ஏசுமிடத்துக் கைகொட்டினார் பலர் இருந்திருப்பர். ஆனால் அந்நூலில் ஒரு பிக்குவிற்கு எதிராகக் கபாலியும் அவன் துணைவியும் பாசுபதனுமாகச் சைவப்பக்கத்தார் மூவர் நிற்கின்றனர். நகையின் பெரும்பங்கு அவர்க்கே. ஆருகதர்க்கோ தனிப் பாத்திரமே இல்லை. கபாலி அவர்தம் கோட்பாட்டினை ஓரிடத்து இகழ்ந்து, அவர் பெயரைச் சொன்ன நாவினைக் கள்ளால் கழுவவேண்டும் என்பதோடு அமைகின்றான். முற்பருவத்தில் சமண் சார்ந்து நின்று பின் அப்பர் பெருமானால் சைவனான பல்லவ வேந்தன் இவனே என்று கருதுவார் கருத்து மெய்யாயின், தான் விட்ட சமயத்தைக் காட்டினும் தான் புக்க சமயத்தின் வேடத்தாரையே அவன் மிகுதியும் நகைத்தான் என்பது ஏற்படும். நூலின் காப்புச் செய்யுளோ கபாலம் ஏந்திய இறைவனைப் போற்றுவது. போற்றப்பட்டவனும் கபாலி, நகைக்கப்பட்டவனும் கபாலி என்னும் இவ்வேறுபாட்டினைக் கருதாதார் அந்நூலைச் சைவப்பகை நூலென மயங்குவர்.

அவையோர் அதனை எங்ஙனம் ஏற்றனர் என்பதனைப் பின்னையோர் செய்கை காட்டும். காஞ்சியிற் பிறந்த அந்நாடகம் உயிரோடு நின்றது மலைநாட்டில். ஆங்குச் சாக்கையர் கூத்தில் அது சிவன்கோயில்களில் நேர்த்திக்கடனாக ஆடப்பெறுவதாயிற்று. கொட்டியூர் அத்தகைய தலங்களுள் ஒன்று. மகப்பேறு வேண்டுவார் அக்கூத்தினை ஆடுவிப்பர். கள்ளுண்டு தள்ளாடிய வேடதாரியை நகைக்க எழுந்த நூல், திருமுன்னே வழிபாடாக மாறிற்று! தாக்குதலும் தடையும் இன்றி அடியார் கூட்டம் ஒரு பிரகசனத்தைத் தன்னுள் விழுங்கிச் செரித்துக்கொண்ட இதனினும் வியத்தகு செய்தி நாடக வரலாற்றில் அரிது.

அந்நாளிலேயே இவ்வேடத்தாரைப் பிறிதொரு கண்ணால் நோக்கினாரும் உளர். திருவாரூர்ப் பதிகம் ஒன்றில் அப்பரடிகள் அவ்வூர்த் தெருவிற் பொலியும் அடியார் கூட்டத்தை எண்ணிச் செல்லுமிடத்துப் பாசுபதரையும் கபாலிகளையும் அந்தணரோடும் சைவரோடும் உடன் வைத்தார். அரசன் கச்சித் தெருவிற் கண்டவரும் அடிகள் ஆரூர்த் தெருவிற் கண்டவரும் ஓரினத்தாரே.

இனிப் புதுக்கோட்டை மாவட்டத்திற்கு இவ்வரலாற்றோடு உள்ள தொடர்பு யாது என்பது. சித்தன்னவாசல் ஓவியங்களும் குடுமியான்மலை இசைக்கல்வெட்டும் மகேந்திரனுடையன என்று முன்னையோர் பலர் எழுதினர். சித்தன்னவாசலில் உள்ள கல்வெட்டு, பாண்டியன் சீவல்லபன் காலத்து மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செய்த திருப்பணியைக் கூறுதலின், அவ்வோவியங்கள் 9ஆம் நூற்றாண்டிற்கு உரியன என்பதே இற்றை ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் துணிபு. குடுமியான்மலைக் கல்வெட்டின் உரிமையும் ஐயத்திற்கிடமாயிற்று. இவை பல்லவன்பாற் சென்று ஒட்டுதல் வேண்டா. அம்மாவட்டத்திற்கு இப்பொருளில் உள்ள மெய்யுரிமை கொடும்பாளூரில் இருக்கின்றது.

திருச்சிராப்பள்ளியினின்றும் மதுரை செல்லும் பெருவழியில் விராலிமலையை அடுத்துள்ளது கொடும்பாளூர். அவ்வூர் மூவர்கோயிலை எடுப்பித்தவன் பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் அரசன். தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எழுப்பினான். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அவன் செய்த பிறிதோர் அறத்தையும் கூறும். மதுரையினராய், ஆத்திரேய கோத்திரத்தினராய், வேதம் வல்லவராய், வித்தியாராசி, தபோராசி என்னும் இருவர்க்கு மாணாக்கராய் விளங்கிய மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுக ஆசிரியர்க்குப் பெருமடம் ஒன்றனை அளித்து, இறைவன் வழிபாட்டிற்கும் காளாமுகத் துறவியர் ஐம்பதின்மர் உணவிற்குமாகப் பதினோர் ஊர்களை அவன் ஈந்தான். மத்தவிலாசம் தோன்றி இருநூறாண்டின்மேற் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இக்கொடை. பிரகசனத்தின் நகை அத்துறவியர் கலத்துச் சோற்றைக் குறைக்கவில்லை என்க.

காளாமுகர் வேறு, காபாலிகர் வேறு எனின், அது மெய்யே. ஆயினும் இவ்விருவரையும் வேறு பிரித்தறியாது ஒன்றாக்கித் தலையோட்டில் உண்பார், கள்ளாற் பூசிப்பார் என்று யாமுனாசாரியரும் இராமாநுசரும் எழுதினர். காளாமுகர் பற்றிய கல்வெட்டுக்களைத் தொகுத்தாராய்ந்து 1972இல் நூல் வெளியிட்ட டேவிட் லாரன்சன் என்பார், அவர்கள் கல்விக்கும் ஒழுக்கத்திற்கும் பெயர்போனவராகவே கல்லிற் காணப்படுகின்றனர் எனக் காட்டினார். ஏட்டிற் காணும் காளாமுகர் வேறு, கல்லிற் காணும் காளாமுகர் வேறு! காபாலிகர் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. அவர்தம் கொள்கையை அவரே உரைக்கும் நூலொன்றும் எஞ்சவில்லை. மகேந்திரனது பிரகசனம், பவபூதியின் மாலதீமாதவம், கிருட்டிணமிசிரரின் பிரபோதசந்திரோதயம் என நாடகக் கபாலிகள் பலர் உளர். தன் வாயால் தன்னைக் கூறும் கபாலி இலன். நகைத்தவர் எழுத்தே வரலாறாயிற்று. சமயநகையின் தீங்கு எங்கே உளது என்று நாடுவார் ஈண்டே நோக்கத் தகும். இறைவனுக்கு அதனால் குறைவில்லை. பதினோர் ஊரும் பெருமடமும் கல்வெட்டும் உடையார்க்கும் இல்லை. தமக்கென ஏடும் கல்லும் இல்லா எளியாரையே அது விழுங்குகின்றது. கொடும்பாளூர்க் கல் இல்லையேல் ஐம்பதின்மர் துறவியர் உண்டதும், அவர் ஆசிரியர் வேதம் வல்லவர் என்பதும் எவர்க்குத் தெரியும்?

சித்தாந்திகள் சிலர், பாசுபதம், மாவிரதம், காபாலம் என்பன அகப்புறச் சமயங்களே யாகலின் அந்நகை நம்மைச் சாராது என்று ஒதுங்க எண்ணலாம். அஃது எளிய வழி, ஆயினும் பொருந்தாது. அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரத்தின் கருத்து. முத்தநாதன் பொய்யாகப் பூண்ட நீற்றுக்கோலத்தின் முன் மெய்ப்பொருள் நாயனார் வீழ்ந்து வணங்கினார். குத்துண்ட பின்னரும் அவனை ஊறின்றி ஊர்ப்புறம் சேர்ப்பித்தார். அங்ஙனமாயின் வேடத்தை நகைத்தல் சைவர்க்குப் பொறுக்கலாகாக் குற்றமன்றோ எனின், புதுக்கோட்டை மாவட்டத்து மணமேற்குடியிற் பிறந்த குலச்சிறையார் வரலாறு விடை பகர்கின்றது. உலகர் கொள்ளும் நலமுடையாராயினும் அளவற்ற தீமையுடையாராயினும் சிவனடியார் எனின் நிலமுற வீழ்ந்து வணங்குவார் அவர் என்று சேக்கிழார் கூறினார். தீமையுடையார் என்பதனைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அஃது இல்லையெனக் குலச்சிறையார் வாதிடவும் இல்லை. வேடத்தாருட் கள்ளர் உளர் என்னும் அளவில் மகேந்திரனும் சேக்கிழாரும் ஒன்றே கூறினர். அது கண்டு அரசன் நகைத்தான், அமைச்சர் வணங்கினார். அவ்வணக்கம் அவர் தாமே மேற்கொண்ட நோன்பு; பிறரும் வீழ்தல் வேண்டுமென்று அவர் பறையறைவித்திலர்.

அவ்வமைச்சர் வரலாற்றிலேயே சமணர் கழுவேற்றமும் சொல்லப்படுகின்றது. பாண்டியன் ஆணையை நிறைவேற்றியவர் அவரே. அது நிகழ்ந்ததோ இல்லையோ என்னும் வழக்கு ஒருபுறம் நிற்க, அதனைப் படிக்கும் இடத்துக் கைகொட்டிப் பி. கே. படத்தின் நாற்காலிக் காட்சிக்குக் கல்லெடுப்பார் நடுவுநிலை யாதென்று அவரே சொல்லல் வேண்டும்.

கொடும்பாளூர்க்கு உரிய நாயனார் இடங்கழியார். அடியார்க்கு அமுதளிக்கும் கடப்பாடு பூண்ட ஒருவர், பொருள் முட்டிய நாளில், நள்ளிரவில் அரண்மனை நெற்கூட்டிற் புகுந்து களவு செய்யக் காவலர் பற்றினர். சைவ வேடத்தார் ஒருவர் அரசன் பண்டாரத்தில் நெல் திருடிப் பிடிபட்டார் என்பது எந்நாளும் ஒரு பிரகசனத்திற்குப் போதிய கதை. மகேந்திரன் கையில் அகப்பட்டிருப்பின் அவரும் ஒரு சத்தியசோமர் ஆகியிருப்பார். இடங்கழியார் அவரை நோக்கி, எம் பண்டாரத்தைக் கவர்ந்தது என்கொல் என வினவினார். அடியாரை அமுது செய்வித்தல் முட்டியமையால் இது செய்தேன் என்றார் அவர். வேறு சான்று கேட்டிலர் வேந்தர். இவரன்றோ எனக்குப் பண்டாரம் என்று இரங்கி விடுவித்தார். மூவர்கோயிலில் இற்றை நாள் நடுவிமானமும் தென்விமானமுமே நிற்கின்றன. வடவிமானம் அடித்தளத்தளவில் எஞ்சிற்று. இடங்கழியார் ஆண்ட நெற்கூடுகள் யாண்டிருந்தன என்பதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. அடியார் யாவரும் அந்நெற்பண்டாரமேயன்றிக் குறைவில்லா நிதிப்பண்டாரமும் முகந்து கொள்க என்று அவ்வூரிலே அவர் பறையறைவித்தார் எனச் சேக்கிழார் எழுதியிருக்கின்றார்.